பால்வினைத் தொற்றுக்குப் பிறகு விந்தணு அசைவுக் குறைவு: வைட்டமின் மாத்திரைகள் எவ்வளவு தூரம் உதவும்?

கேள்வி: கண்மாய்க்கரை

வணக்கம். பெயரைச் சொல்லாமல் எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். காரைக்குடிப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர் எங்களுடையது. காலையில் மருந்துக் கடையில் என்ன வாங்கினோம் என்பது மாலைக்குள் மூன்று தெருவுக்குத் தெரிந்துவிடும்.

எனக்கு வயது 33. திருமணமாகி மூன்றரை ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு பதினொரு மாதங்கள் மலேசியாவில் வேலை பார்த்துவிட்டு மாசி மாதம் ஊர் திரும்பினேன். அங்கிருந்த காலத்தில் நான் செய்த தவறு ஒன்று உண்டு; அதை இங்கே விரித்து எழுத விரும்பவில்லை. சித்திரையில் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலும், அதையடுத்து வலது விதையில் வீக்கமும் காய்ச்சலும் வந்தன. மதுரையில் ஒரு மருத்துவரிடம் காட்டினேன். பால்வினைத் தொற்று விதைப்பை வரை ஏறியிருக்கிறது என்று சொல்லி, ஓர் ஊசி போட்டு, டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரையைப் பத்து நாட்களுக்குக் கொடுத்தார். வீக்கம் வடிந்தது. வலியும் போயிற்று.

குழந்தை இல்லையே என்று வீட்டில் பேச்சு எழுந்ததால், ஆடி மாதக் கடைசியில் விந்துப் பரிசோதனை செய்துகொண்டேன். அளவு 2.2 மில்லி, செறிவு மில்லிக்கு 1 கோடியே 80 லட்சம், முன்னோக்கி நகரும் அணுக்கள் 17 விழுக்காடு, மொத்த அசைவு 31 விழுக்காடு, சீழணுக்கள் 12 முதல் 15 என்று அறிக்கையில் இருக்கிறது. கருத்தரிப்பு மையம் ஒன்றில் அறிக்கையை மட்டும் பார்த்துவிட்டு, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆன்டி-ஆக்சிடன்ட் மாத்திரைகளை ஆறு மாதங்களுக்கு எழுதித் தந்தார்கள். வைட்டமின் சி, வைட்டமின் ஈ 400, துத்தநாகம், செலினியம், லைக்கோபின், கோ-என்சைம் கியூ 10 என்று இரண்டு வகை மாத்திரைகளிலும் ஏறக்குறைய எல்லாமே இருக்கின்றன. முன்பு வந்த தொற்றைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் எனக்கு நா எழவில்லை.

மனம் கேளாமல் சென்ற வாரம் தனியாகச் சிறுநீர்ப் பரிசோதனை செய்து பார்த்ததில் கிளமிடியா என்ற பால்வினைக் கிருமி இருப்பதாக வந்திருக்கிறது. பழைய மருத்துவரே மறுபடி ஏழு நாட்களுக்கு டாக்சிசைக்ளின் எழுதியிருக்கிறார். இன்று இரண்டாம் நாள்.

என் கேள்விகள் மூன்று. இந்த வைட்டமின்கள் தொற்றினால் கெட்ட விந்தணுக்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவருமா? இரண்டு மருந்துகளையும் ஒன்றாகச் சாப்பிடலாமா? சித்திரையில் ஒழுங்காக மருந்து சாப்பிட்ட பிறகும் கிருமி எப்படித் திரும்பியது? என் மனைவிக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. அவளிடம் இதுவரை எதையும் சொல்லவில்லை.

பதில் 1: தேவகோட்டை மருந்தாளுநர்

உங்கள் இரண்டாவது கேள்வி என் தொழிலைச் சேர்ந்தது. இன்றைக்கே அவசரமாகத் தெரிந்துகொள்ள வேண்டியதும் அதுதான்.

டாக்சிசைக்ளின் மாத்திரையையும் துத்தநாகம், இரும்பு, சுண்ணாம்புச் சத்து அடங்கிய மாத்திரைகளையும் ஒரே வேளையில் விழுங்கினால், அந்த உலோகங்கள் வயிற்றுக்குள்ளேயே மருந்தைப் பற்றிக் கட்டிக்கொள்ளும். கட்டுண்ட மருந்து குடலில் முழுமையாக உறிஞ்சப்படாமல் வெளியேறிவிடும். காலை உணவுக்குப் பிறகு உள்ளங்கையில் நான்கு மாத்திரைகளைக் கொட்டி ஒரே மடக்கில் குடிப்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன். மாத்திரை ஒழுங்காகத்தான் சாப்பிட்டேன் என்று அவர்கள் சொல்வதும் பொய்யில்லை. சித்திரையில் நீங்கள் சத்து மாத்திரை எதையாவது சேர்த்துச் சாப்பிட்டீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இப்போது டாக்சிசைக்ளின் முடியும் வரை அந்த ஆறு மாத மாத்திரைகளை அடியோடு நிறுத்திவைப்பதே எளிய வழி. ஏழு நாட்கள் வைட்டமின் சாப்பிடாததால் கெட்டுப்போவது எதுவும் இல்லை. விட மனமில்லாவிட்டால் இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மூன்று மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பாலையும் அதே வேளையில் தவிர்த்துவிடுங்கள்.

இந்த மாத்திரையை ஒரு முழுக் குவளைத் தண்ணீரோடு உட்கார்ந்தபடி விழுங்க வேண்டும். விழுங்கியவுடன் படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடும். இது தோலை வெயிலுக்குக் கூச வைக்கும் மருந்து என்பதையும் நினைவில் வையுங்கள். நம் ஊர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் இரண்டு சத்து மாத்திரை அட்டைகளின் பின்புறத்தையும் அருகருகே வைத்து அளவுகளைக் கூட்டிப் பாருங்கள். பெயர் வேறு வேறாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சரக்கு பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். வைட்டமின் ஈ, துத்தநாகம், செலினியம் ஆகிய மூன்றும் இரட்டிப்பாகிவிடுவது சாதாரணமாக நடக்கிறது.

பதில் 2: நெல்மணி

தம்பி, நான் மருத்துவன் இல்லை, அனுபவத்தில் சொல்கிறேன். இந்தக் கலர் மாத்திரைகளை எல்லாம் தூரப் போட்டுவிட்டுக் கவுனி அரிசியும் நெல்லிக்காயும் முருங்கைக்கீரையும் சாப்பிடுங்கள். கவுனி அரிசியின் கருநிறமே ஆன்டி-ஆக்சிடன்ட்தான் என்று படித்திருக்கிறேன். மேகவெட்டை போன்ற பால்வினை நோய்க்கு நாகப் பற்பமும் லேகியமும் கொடுக்கும் நல்ல வைத்தியர்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள்.

பதில் 3: தேவகோட்டை மருந்தாளுநர்

நெல்மணி ஐயா சொன்ன உணவில் எனக்கு மாறுபாடு இல்லை. பற்பத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல். சித்த மருத்துவத்தில் நாகம் என்பது துத்தநாகத்தைக் குறிக்கும். டாக்சிசைக்ளின் நடக்கும் இந்த வாரத்தில் நாகப் பற்பம் சாப்பிட்டால், நான் மேலே சொன்ன அதே சிக்கல் வேறு பெயரில் வந்து சேரும். அத்துடன், கிருமி இருப்பது ஆய்வில் உறுதியான பிறகு லேகியத்தை நம்பி ஆன்டிபயாட்டிக்கை நடுவில் நிறுத்துவது மிகப் பெரிய தவறாகிவிடும்.

பதில் 4: நுண்ணோக்கி

பரிசோதனைக் கூடத்தில் பதினாறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். உங்கள் அறிக்கையைப் படிக்கும் முறையைப் பற்றிச் சில செய்திகள் சொல்ல வேண்டியிருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட ஆறாம் பதிப்புக் கையேட்டின்படி, விந்தின் அளவு 1.4 மில்லி, செறிவு மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம், மொத்த அசைவு 42 விழுக்காடு, முன்னோக்கிய அசைவு 30 விழுக்காடு, இயல்பான உருவம் 4 விழுக்காடு என்பவை கீழ் எல்லைகள். ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களைச் சோதித்து, அவர்களில் கடைசி 5 விழுக்காட்டினர் நின்ற இடத்தை இந்த எல்லையாக வைத்திருக்கிறார்கள். ஆகவே இதற்குக் கீழே இருப்பவருக்குக் குழந்தை பிறக்காது என்று பொருள் கொள்ளக் கூடாது. மேலே இருப்பவருக்குக் கட்டாயம் பிறக்கும் என்பதும் இல்லை. உங்கள் செறிவு எல்லைக்குள் வருகிறது. அசைவுதான் குறைந்திருக்கிறது.

சீழணுக்கள் 12 முதல் 15 என்று எழுதியிருக்கிறார்களே, அந்த வரியை நான் அப்படியே நம்ப மாட்டேன். விந்தில் உருண்டையாகத் தெரியும் அணுக்கள் எல்லாம் வெள்ளையணுக்கள் ஆகிவிடா. முதிராத விந்தணுக்களும் அதே தோற்றத்தில் இருக்கும். பெராக்சிடேஸ் சாயம் ஏற்றிப் பார்த்தால்தான் இரண்டையும் பிரிக்க முடியும். அந்தச் சாயத்தில் நிறம் கொள்ளும் வெள்ளையணுக்கள் மில்லிக்கு 10 லட்சத்தைத் தாண்டினால் அதைக் கூடுதல் என்று கொள்கிறோம். பல சிறிய கூடங்களில் இந்தச் சாயம் ஏற்றுவதில்லை.

மாதிரி எடுத்த முறையும் முக்கியம். இரண்டு முதல் ஏழு நாட்கள் வரை விந்து வெளியேறாமல் இருந்திருக்க வேண்டும்; மாதிரி ஒரு மணி நேரத்துக்குள் கூடத்துக்கு வந்து சேர வேண்டும்; வரும் வழியில் உடல் வெப்பத்திலேயே இருக்க வேண்டும். வீட்டில் எடுத்து, பேருந்தில் ஒன்றரை மணி நேரம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அசைவு குறைந்துவிட்டதே என்று கலங்குபவர்கள் உண்டு. கூடத்துக்கு வந்து கொடுக்கக் கூச்சப்படுகிறார்கள். அந்தக் கூச்சம் அறிக்கையில் அசைவுக் குறைவாக வந்து நிற்கிறது. எப்படியானாலும் ஒரே அறிக்கையை வைத்து ஆறு மாத மருந்து எழுதுவது அவசரம் என்றே எனக்குப் படுகிறது.

பதில் 5: ஓய்வு பெற்ற பால்வினை நோய் மருத்துவர்

தம்பி, மூன்று கேள்விகள் கேட்டுவிட்டு, நான்காவதைக் கேள்வியாகக் கேட்காமல் கடைசி வரியில் ஒளித்துவைத்திருக்கிறீர்கள். என் பதிலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கிளமிடியா தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. உங்கள் மனைவிக்குத் தொந்தரவு இல்லை என்பதால் தொற்று இல்லை என்று ஆகாது. மாசியில் திரும்பினீர்கள், சித்திரையில் உங்களுக்கு மட்டும் மருந்து கொடுக்கப்பட்டது, பிறகு இருவரும் சேர்ந்து வாழ்ந்திருக்கிறீர்கள். அவரிடம் அப்போதே கிருமி இருந்திருந்தால், அது மறுபடி உங்களிடம் வந்து சேர்வதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. மருந்தாளுநர் சொன்ன துத்தநாகக் காரணமும் நடக்கக்கூடியதே; ஆனால் என் அனுபவத்தில் திரும்பி வரும் தொற்றில் முதல் சந்தேகம் மருந்து கொடுக்கப்படாத துணையின் மீதுதான். அவருக்குச் சிகிச்சை இல்லாமல் நீங்கள் இன்னும் பத்து முறை மருந்து சாப்பிட்டாலும் பயன் இராது. இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பெண்ணின் கருப்பையைத் தாண்டிக் கருக்குழாய்களுக்கு இந்தக் கிருமி ஏறினால், வலியே தெரியாமல் குழாய்கள் தழும்பேறி அடைபட்டுப் போகலாம். கரு குழாயிலேயே தங்கும் ஆபத்தும் கூடும். குழந்தை வேண்டும் என்று நீங்கள் உங்கள் விந்தணுக்களை எண்ணிக்கொண்டிருக்கும் இதே நேரத்தில், அவருடைய கருக்குழாய்களில் இந்தக் கேடு நடந்துகொண்டிருக்கலாம்.

இருவரும் ஒரே காலத்தில் மருந்து எடுக்க வேண்டும். முடிந்த பிறகும் ஏழு நாட்கள் உறவு கூடாது. அவர் கருவுற்றிருக்க வாய்ப்பு உண்டா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். கருவுற்றவருக்கு டாக்சிசைக்ளின் கொடுப்பதில்லை, அசித்ரோமைசின் கொடுப்போம். எச்.ஐ.வி., சிபிலிஸ் ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனையும் இருவருக்கும் வேண்டும். அரசு மருத்துவமனைகளில் சுகவாழ்வு மையம், நம்பிக்கை மையம் என்ற பெயர்களில் இயங்கும் பிரிவுகளில் இவை இலவசமாகவும் இரகசியம் காக்கப்பட்டும் கிடைக்கின்றன. உள்ளூரில் முகம் தெரிந்தவர்கள் இருப்பார்கள் என்று தயங்கினால் சிவகங்கைக்கோ மதுரைக்கோ போய்வாருங்கள்.

இனி வைட்டமினுக்கு வருகிறேன்.

கருத்து அளவில் இது ஏமாற்று வேலை இல்லை. விந்தணுவின் சவ்வில் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் கொழுப்பு அமிலங்கள் மிகுதி. முதிரும்போது அது தன் உடலின் பெரும்பகுதியை உதிர்த்துவிட்டுத் தலையும் வாலுமாக மெலிந்து வருவதால், மற்ற அணுக்களிடம் உள்ள தற்காப்பு நொதிகள் அதனிடம் போதிய அளவில் இல்லை. தொற்றை எதிர்க்க வரும் வெள்ளையணுக்களோ, கிருமியைக் கொல்வதற்காக வீரியமுள்ள ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பீய்ச்சுபவை. திருவிழாக் கூட்டத்தில் திருடனைத் துரத்தும் காவலர்களின் தடியடி பக்கத்தில் நின்றவர்கள் மீதும் விழுவது போல, அந்த வீச்சு விந்தணுக்களின் வால் அசைவையும் தலைக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழையையும் தாக்குகிறது. ஆக்சிஜன் விந்தணுவின் அசைவைக் கெடுக்கும் என்று ஜான் மக்லியோட் என்ற ஆய்வாளர் 1943-இலேயே காட்டியிருக்கிறார். விந்துத் திரவத்தில் இயற்கையாகவே வைட்டமின் சி இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு செறிந்திருப்பதும் இந்தத் தாக்குதலைத் தாங்கத்தான்.

இவ்வளவு பொருத்தமாக இருக்கும் கருத்து, மனிதர்களிடம் சோதித்தபோது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. 2020-இல் அமெரிக்காவில் இரண்டு பெரிய ஆய்வுகள் வெளியாயின. ஒன்றில் 2,370 தம்பதியர் இருந்தார்கள். ஆண்களில் ஒரு பாதிக்கு ஃபோலிக் அமிலம் 5 மி.கி., துத்தநாகம் 30 மி.கி. தினமும் ஆறு மாதம் கொடுக்கப்பட்டன. மறு பாதிக்கு வெற்று மாத்திரை. குழந்தை பிறந்த விகிதம் ஒரு பக்கம் 34, மறு பக்கம் 35 விழுக்காடு. விந்தணுக்களில் டி.என்.ஏ. சிதைவு மருந்து சாப்பிட்டவர்களிடம் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. வயிற்றுத் தொல்லைகளும் அவர்களுக்குத்தான் அதிகம். மற்றொன்றில் 171 ஆண்கள். அவர்களுக்குக் கொடுத்தது ஏறக்குறைய உங்கள் மாத்திரையேதான்: வைட்டமின் சி 500 மி.கி., வைட்டமின் ஈ, செலினியம், துத்தநாகம், ஃபோலிக் அமிலம், லைக்கோபின், கார்னிடின். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது அசைவிலும் டி.என்.ஏ. சிதைவிலும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட முன்னேற்றம் இல்லை. 2022-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 90 ஆய்வுகளில் 10,303 ஆண்களைப் பற்றிய விவரங்களைத் தொகுத்தது. ஓரளவு பலன் இருக்கலாம் என்று தோன்றினாலும் அதற்கான சான்று வலுவற்றது என்று சொன்னதோடு, நம்பகம் குறைந்த ஆய்வுகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால் குழந்தை பிறப்பில் கண்ட அந்தப் பலனும் மறைந்துவிடுகிறது என்றும் எழுதியிருக்கிறார்கள்.

இந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் தொற்று வந்த ஆண்கள் என்று தனியே பிரிக்கப்பட்டவர்கள் அல்லர். அதனால் உங்களைப் போன்றவருக்குப் பலன் வேறாக இருக்கலாமே என்று கேட்பது நியாயம். அதற்கு நெருங்கிவரும் ஆய்வு ஒன்று இத்தாலியில் 2002-இல் வெளியானது. விந்துப் பாதையில் அழற்சியும் விந்தில் வெள்ளையணு மிகுதியும் இருந்த 98 ஆண்களில், முதலில் அழற்சியை அடக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு கார்னிடின் கொடுத்த பிரிவினரே நன்கு தேறினார்கள். சிறிய ஆய்வுதான், ஆனாலும் அதில் ஒரு வரிசை தெரிகிறது. எரிகிற கொள்ளியை இழுத்துவிட்டுத்தான் கொதிப்பை அடக்க வேண்டும். தொற்று உள்ளே இருக்கும்போது வைட்டமினைக் கொட்டுவது, அடுப்பை அணைக்காமல் பானையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பதைப் போன்றது. உங்களுக்கு மாத்திரை எழுதிய மையத்தின் மேல் எனக்கு இருக்கும் குறையும் இதுதான்: சீழணுக்கள் என்று அறிக்கையிலேயே இருக்க, கிருமி உண்டா என்று கேட்டிருக்க வேண்டாமா?

ஆன்டிபயாட்டிக் மட்டுமே எவ்வளவு செய்யும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 2008-இல் மெக்சிகோ, ஸ்பெயின் ஆய்வாளர்கள் கிளமிடியாவும் மைகோபிளாஸ்மா என்ற இன்னொரு கிருமியும் தொற்றிய 143 ஆண்களைப் பார்த்தார்கள். தொற்று இல்லாதவர்களைவிட இவர்களின் விந்தணுக்களில் டி.என்.ஏ. சிதைவு மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. ஆன்டிபயாட்டிக் சிகிச்சை பெற்றவர்களைச் சில மாதங்கள் கழித்துச் சோதித்தபோது அது கணிசமாகக் குறைந்திருந்தது. ஒப்பிடுவதற்கு வெற்று மருந்துப் பிரிவு அதில் இல்லை என்பதால் அதை முடிந்த முடிவாக நான் சொல்லவில்லை. ஆனால் எந்தப் பக்கம் முதலில் போக வேண்டும் என்பதை அது காட்டுகிறது.

வைட்டமினால் ஆகவே ஆகாத காரியம் ஒன்றும் இருக்கிறது. விதையின் மேல் சுருண்டு ஒட்டியிருக்கும் எபிடிடிமிஸ் என்ற குழாயை நீட்டினால் ஏறக்குறைய ஆறு மீட்டர் வரும். நூல் போல மெல்லியது. சித்திரையில் உங்களுக்கு வீங்கியது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். தழும்பால் அந்தக் குழாய் அடைபட்டால், அதைத் திறக்கும் வைட்டமின் உலகத்தில் இல்லை. அறுவை சிகிச்சையோ, ஊசியால் விந்தணுவை எடுத்துக் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்சி முறையோதான் வழி. இரண்டு பக்கமும் அடைபட்டால் விந்தில் அணுக்களே இரா. உங்களுக்கு மில்லிக்கு 1 கோடியே 80 லட்சம் இருப்பதால் குறைந்தது ஒரு பக்கமாவது திறந்திருக்கிறது. வலது பக்கத்தை ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது.

அளவைப் பற்றியும் கேட்காமலே சொல்லிவிடுகிறேன். வைட்டமின் சி நாளைக்கு 2,000 மி.கி.-ஐத் தாண்டக் கூடாது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் மாத்திரையாக அதைத் தொடாமல் இருப்பதே மேல். வைட்டமின் ஈ 400 யூனிட்டைப் பல ஆண்டுகள் தினமும் சாப்பிட்ட ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு கூடுதலாக வந்தது என்று 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அவர்கள் ஐம்பதைக் கடந்தவர்கள், நீங்கள் இளைஞர். ஆனாலும் தீங்கே இல்லாத பண்டம் என்று அதை நினைக்கக் கூடாது என்பதற்காகச் சொன்னேன். செலினியம் மிகுந்தால் முடி கொட்டும், நகம் உடையும். துத்தநாகத்தை அளவு மீறி மாதக்கணக்கில் சாப்பிட்டால் உடலில் செம்புச் சத்துக் குறையும். இன்னொன்று: விந்தணு கருமுட்டையைத் துளைக்கும் பக்குவம் பெறுவதற்குச் சிறிதளவு ஆக்சிஜனேற்றம் தேவைப்படுகிறது. எல்லாவற்றையும் அடக்கிவிட்டால் அதற்கும் கேடு.

நெல்மணி சொன்ன உணவைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய வைட்டமின் சி 80 மி.கி.; நூறு கிராம் கொய்யாவில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது. கவுனி அரிசி விந்தணுவைக் கூட்டும் என்று சொல்ல ஆதாரம் கிடையாது. தீபாவளிக்குக் கிண்டும் கவுனி அரிசியில் போடும் சர்க்கரையையும் நெய்யையும் நினைத்தால், மருந்து என்று சொல்லித் தினமும் சாப்பிட எனக்கு அச்சமாக இருக்கிறது. புகைப்பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். ஆறு மாத மாத்திரையைவிட அது பெரிய ஆன்டி-ஆக்சிடன்ட்.

பதில் 6: கோட்டையூர் ஆச்சி

தம்பி, டாக்டர் ஐயா எழுதியதற்கு மேல் மருத்துவமாக எழுத எனக்குத் தெரியாது. பெண் பக்கத்தில் நின்று ஒன்று எழுதுகிறேன்.

என் தங்கைக்கு இதே கதை நடந்தது. மாப்பிள்ளை தமக்கு மட்டும் வைத்தியம் பார்த்துக்கொண்டார். நான்கு ஆண்டுகள் கோயில் கோயிலாகப் போனதும், வீட்டு விசேஷங்களில் இன்னும் ஒன்றும் இல்லையா என்ற கேள்விக்கு முகத்தைக் கொடுத்ததும், பெரியவர்கள் பிள்ளை கூட்டிக்கொள்ளலாமா, அதாவது தத்தெடுக்கலாமா, என்று பேசத் தொடங்கியபோது அடுப்படியில் நின்று அழுததும் அவள்தான். கடைசியில் குழாய்ச் சோதனையில் இரண்டு பக்கமும் அடைப்பு என்று வந்தபோது, குறை அவளிடம்தான் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். அடைப்பு எங்கிருந்து வந்தது என்பது வெளியே வர அதன் பிறகும் ஓராண்டு ஆயிற்று. அவள் அவரை மன்னித்ததும் மன்னிக்காததும் அவர்கள் பாடு. தொற்று வந்ததற்காகக்கூட அவளுக்கு அவ்வளவு கோபம் இல்லை; அந்த நான்கு ஆண்டுகளை ஏன் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டீர்கள் என்றுதான் கேட்டாள்.

எப்படிச் சொல்வது என்று தவிப்பீர்கள். சோறு பரிமாறும்போதோ, மாமியார் பக்கத்து அறையில் இருக்கும்போதோ சொல்லாதீர்கள். மருத்துவரிடம் போகும் வழியில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொல்வதும் கூடாது. அந்த நேரத்தில் அவள் அழக்கூட இடம் இராது. அவளுடைய தாய் வீட்டுக்குத் தகவல் போகுமோ என்ற பயத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மாத்திரையைச் சத்து மாத்திரை என்று பொய் சொல்லிக் கொடுத்துவிடலாமா என்ற எண்ணம் உங்களுக்கு வந்திருந்தால், அதை இந்த நிமிடமே விட்டுவிடுங்கள்.

பதில் 7: கண்மாய்க்கரை (கேட்டவர்)

அனைவருக்கும் நன்றி. ஆச்சி அவர்கள் கடைசியாக எழுதிய எண்ணம் எனக்கு வந்திருந்தது உண்மை. வாங்கியும் வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை இரவு மாடியில் வைத்து அவளிடம் சொன்னேன். நெடுநேரம் அவள் பேசவில்லை. பிறகு ஒரே கேள்வி கேட்டாள்: சித்திரையிலேயே தெரியுமா என்று. ஆமாம் என்றேன். இரண்டு நாட்கள் அவளுடைய அக்கா வீட்டில் இருந்துவிட்டு வந்தாள். இன்று இருவரும் ஒன்றாகச் சென்று பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தோம். அவள் கருவுற்றிருக்கவில்லை என்று பார்த்த பிறகு அவளுக்கும் டாக்சிசைக்ளின் கொடுத்திருக்கிறார்கள். எச்.ஐ.வி., சிபிலிஸ் இருவருக்கும் இல்லை. மூன்று மாதம் கழித்து ஒருமுறை மறுபடி பார்க்கச் சொன்னார்கள். வீட்டில் பேச்சு குறைவாக இருக்கிறது. அதை நான் இங்கே எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை.

மருந்தாளுநர் ஐயாவுக்கு: சித்திரையில் அம்மா வாங்கிக் கொடுத்த துத்தநாகம் கலந்த சத்து மாத்திரையைக் காலையில் டாக்சிசைக்ளினோடு சேர்த்தே சாப்பிட்டிருக்கிறேன். இப்போது நிறுத்திவிட்டேன். ஆறு மாத மாத்திரைகளை மறுபடி தொடங்க வேண்டுமா, அடுத்த விந்துப் பரிசோதனையை எப்போது செய்யலாம் என்பவை மட்டும் என்னிடம் மீதம் இருக்கும் கேள்விகள்.

பதில் 8: ஓய்வு பெற்ற பால்வினை நோய் மருத்துவர்

தொடங்காமல் இருங்கள். மூன்று மாதம் கழித்து வரும் அறிக்கையில் வெள்ளையணுக்கள் அடங்கியும் அசைவு தேறாமல் இருந்தால், ஒரே ஒரு மாத்திரையை, அளவு பார்த்து, மூன்று மாதத்துக்கு மட்டும் முயன்று பார்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. கிருமிப் பரிசோதனையை மருந்து முடிந்து நான்கு வாரங்களுக்குள் செய்ய வேண்டாம். செத்த கிருமியின் மிச்சத்தைக்கூட அந்தச் சோதனை பிடித்துவிடும், வீணாகக் கலங்குவீர்கள். மூன்றாம் மாதத்தில் இருவரும் செய்துகொள்ளுங்கள். உங்கள் மனைவிக்குக் கருக்குழாய்ச் சோதனை தேவையா என்பதை அவருடைய மகப்பேறு மருத்துவர் முடிவு செய்யட்டும். நடந்ததை மறைக்காமல் அவரிடம் சொன்னால் அவர் சரியாக முடிவு செய்வார்.

பதில் 9: நுண்ணோக்கி

விந்தணு ஒன்று உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாட்களும், அதன் பிறகு எபிடிடிமிஸ் வழியே வந்து சேர இரண்டு வாரம் வரையிலும் ஆகும். இன்று சோதித்தால் தொற்று இருந்த காலத்தில் உருவானவற்றைத்தான் எண்ணுவோம். டாக்சிசைக்ளின் முடியும் நாளைக் குறித்துவைத்துக்கொண்டு, அங்கிருந்து மூன்று மாதம் கழித்து வாருங்கள். கார்த்திகை, மார்கழி வாக்கில் வரும். மூன்று நாள் இடைவெளியோடு, காலையில், கூடத்துக்கே வந்து மாதிரி கொடுங்கள். பெராக்சிடேஸ் சாயம் ஏற்றுவார்களா என்று முதல் நாளே தொலைபேசியில் கேட்டுவிட்டு வந்தால் அலைச்சல் மிச்சம்.